இறகு பிடுங்கியவள்

தையல்நாயகிக்குக் கோபம் வந்தால் மார்க்கெட்டின் பின்வாசல் முழுக்கத் தெரிந்துவிடும் என்பார்கள். அது எங்கே போயிருந்தது, புதிதாக வருவதற்கு? நெல்லித்தோப்பில் ஒரு மில் தொழிலாளி வீட்டில் ஐந்தாவது பெண்ணாகப் பிறந்து, 'இதுவும் பொட்டையா' என்று அப்பன் சலித்துக்கொண்டதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் அவள். பதினேழு வயதில் பலராமனுக்குக் கழுத்தை நீட்டினாள். அவனும் மில்லுக்காரன்தான். மில் நான்கு மாதம் ஓடும், இரண்டு மாதம் மூடும். மூடிக்கிடக்கும் மாதங்களில் அவன் வாசலில் குந்திக்கொண்டு பீடி இழுப்பான். ஒரு சொல் அதிர்ந்து பேசமாட்டான், நல்லவன். நல்லவனாக இருந்தால் மட்டும் உலை கொதித்துவிடுமா? முதல் பிள்ளைக்குப் பால் மறக்கடித்த கையோடு தையல்நாயகி பெரிய மார்க்கெட்டின் பின்வாசலுக்கு வந்து, இறகு பிடுங்கும் பெண்களோடு வரிசையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏழு பெண்கள் அந்த வரிசையில். மற்ற நாளெல்லாம் நாட்டுக்கோழி, வளர்ப்பு வாத்து. செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் காட்டு வாத்து வரும். வேட்டைச் சங்கத்து ஆட்கள் விடியற்காலையில் ஏரியில் சுட்டதை, பத்து மணிக்குள் கூடைகூடையாக அந்த வரிசையின் முன்னால் கொட்டிவிட்டுப் போவார்கள். பகல் சாப்பாட்டுக்குள் பிடுங்கி, வாட்டி, கழுவிக் கொடுத்தாக வேண்டும்.

கோழிக்கு வெந்நீர் போதும். காட்டு வாத்துக்கு வெந்நீர் ஆகாது. அதன் இறகில் ஊறியிருக்கும் எண்ணெய்க்குத் தண்ணீர் உள்ளே போகாது; போனாலும் கறி கவிச்சை அடிக்கும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, தோல் கிழியாமல், ஒரு பக்கமாகச் சாய்த்து இழுக்க வேண்டும். மேலிறகு போன பிறகு அடியில் பஞ்சு மயிர். அதுவும் போன பிறகு தோலுக்குள் முள்முள்ளாக நிற்கும் குருத்து. கடைசியில் பனையோலைத் தீயில் காட்டி வாட்டுவது. தோலை உரித்து எறிந்துவிட்டால் வேலை சுலபம்தான். ஆனால் சங்கத்து ஆட்களுக்குப் பிரெஞ்சுக்காரன் முறைப்படி தோலோடு வறுத்தால்தான் தொண்டையில் இறங்கும். அந்த வேலை தெரிந்த கைகள் ஊரிலேயே அந்தப் பதினான்குதான். கூலி போக, இறகும் தலையும் காலும் குடலும் அவர்களுக்கு. வயிற்றில் முட்டை இருந்தால் அதுவும் அவர்களுக்குத்தான்.

சங்கம் பிரெஞ்சுக்காரன் இருந்தபோதே ஆரம்பித்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்கள், இரண்டு வக்கீல்கள், ஒரு சாராயக்கடைக் குத்தகைக்காரர் என்று இருபது பேர் இருப்பார்கள். செயலாளர் தணிகாசலம். சைகோன் வரைக்கும் போய்ச் சண்டை போட்டவர். ஊர் முதுகுக்குப் பின்னால் 'சொல்தா', அதாவது பட்டாளத்தான், என்று சொல்லும், முகத்துக்கு நேரே 'முசியே', ஐயா, என்று கும்பிடும். கடற்கரைப் பக்கத்துத் தெருவில் இருந்த சங்கத்து அறையில், கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் ஒரு பிரெஞ்சுக் காகிதம் தொங்கும். அதுதான் 'ரெக்லமான்', சங்கத்தின் விதி. மார்ச் முதல் தேதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம். அதில் ஒரு தோட்டாகூடச் சுடக் கூடாது. இதுதான் அதன் சாரம். அந்த ஆறு மாதமும் ஏரியைக் காக்கக் காக்கி உடுப்போடு ஒரு காவல்காரனை வேறு வைத்திருந்தார்கள். புதுச்சேரியில் வேறு யாருக்கு இந்த அக்கறை உண்டு என்று தணிகாசலம் மார்தட்டுவார். தையல்நாயகியும் முதலில் அதை நம்பினாள். பரவாயில்லையே, துப்பாக்கி பிடித்த கைக்கும் இவ்வளவு இரக்கம் இருக்கிறதே என்றுகூட நினைத்தாள். அதை நினைத்துத்தான் பிற்காலத்தில் அவள் தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள்.

வருகிற வாத்துகளில் இரண்டு ஜாதி உண்டு. ஊசிவால், நீலச்சிறகு என்று பலது ஐப்பசியில் வடக்கேயிருந்து வந்து மாசியில் போய்விடும். அவற்றைப் பெண்கள் 'வரத்து வாத்து' என்பார்கள். இன்னொன்று எங்கேயும் போகாது. வெயில் காலத்தில் செஞ்சியாற்று மடுக்களில் மேயும், மழை பிடித்ததும் ஊருக்கு மேற்கே இருக்கும் கோரையேரிக்கு வந்து சேரும். கறுத்த அலகு, அதன் நுனியில் மஞ்சள், அடியில் இரண்டு பக்கமும் சிவப்புப் பொட்டு. இதற்குப் பெயர் 'ஆத்து வாத்து'. கொழுப்பும் ருசியும் இதற்குத்தான் என்பதால் துப்பாக்கிகளும் இதைத்தான் முதலில் தேடின.

எழுபத்து நாலாம் வருஷம் கார்த்திகையில் ஒரு ஞாயிறு. தணிகாசலம் பாரிசிலிருந்து வந்திருந்த தங்கை புருஷனைக் கூட்டிக்கொண்டு பின்வாசலுக்கே வந்துவிட்டார், வேட்டையைக் காட்டுவதற்கு.

"எங்க சங்கத்துல ஒழுங்கு உண்டு மாப்ளே. மார்ச் பொறந்தா ஏரிய மூடிடுவோம். குஞ்சு பொரிக்கிற காலம் பாரு. வேணும்னா இந்தப் பொம்பளைங்களக் கேளு, மார்ச்சுக்கு அப்புறம் ஒரு காட்டு வாத்து வந்திருக்குமான்னு" என்றார்.

தையல்நாயகி அப்போது ஓர் ஆத்து வாத்தின் குடலை எடுத்துக்கொண்டிருந்தாள். விரலில் கெட்டியாக ஒன்று தட்டியது. வெளியே எடுத்தாள். ஓடு கட்டிய முழு முட்டை. இன்னும் சூடு ஆறவில்லை.

"அப்ப இது இன்னா முசியே?" என்றாள்.

தங்கை புருஷன் பார்த்தார். தணிகாசலம் சிரித்தார். "அது ஏதோ காலம் தவறிப் போட்டது."

"காலையிலருந்து மூணு எடுத்துட்டேன். மூணும் காலம் தவறினதா?"

"நீ வேலயப் பாரு தையலு" என்று சொல்லிவிட்டு அவர் விருந்தாளியை மீன்கடைப் பக்கம் நகர்த்திக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு அடுத்த வாத்தை மடியில் போட்டாள். மல்லாக்கத் திருப்பியதும் அவள் கை நின்றது. வயிற்றில், உள்ளங்கை அகலத்துக்கு, பஞ்சு மயிரே இல்லை. சொறி இல்லை, காயம் இல்லை. சுத்தமாகப் பிடுங்கியிருந்தது. இப்படி வழுக்கை வயிறோடு வரும் வாத்துகளை அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். பிடுங்கும் வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டும் இருக்கிறாள். அடைக்கு உட்காரும் வாத்து தன் வயிற்று மயிரைத் தானே அலகால் பிடுங்கிக் கூட்டில் பரப்பும், அப்போதுதான் முட்டைக்கு உடம்புச் சூடு நேராகப் படும் என்று அவளுக்குத் தெரியாதா? வளர்ப்பு வாத்துக்காரர்கள் வீட்டில் பார்த்ததுதான். தெரிந்ததையும் பார்த்ததையும் அவள் அதுவரை சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை. இந்தத் தாய் எங்கேயோ கோரைக்குள் எட்டு ஒன்பது முட்டையை விட்டுவிட்டு வந்திருக்கிறது. இது எழுந்து பறந்த நேரத்தில் ஓர் ஒழுங்கான மனுஷன், விதிப்படி, சுட்டிருக்கிறான்.

அன்றைக்கு அந்த மூன்று முட்டையையும் அவள் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. பிள்ளைகள் கேட்டன. ஒவ்வொரு கார்த்திகையும் மார்கழியும் அம்மா முட்டை கொண்டுவருவாள், மிளகு தூவிப் பொரித்துத் தருவாள் என்று பழகிய பிள்ளைகள். "ஒண்ணும் இல்ல, போய்ப் படுங்க" என்று எரிந்து விழுந்தாள். பத்து வருஷமாகத் தின்றோமே என்ற ஆத்திரம். அதை யார் மேல் காட்டுவது? பலராமன் மேல் காட்டினாள். அவன் பீடியை அணைத்துவிட்டு எழுந்து போனான்.

அடுத்த வாரம் பக்கத்தில் உட்காரும் அஞ்சலாட்சியை இழுத்துக்கொண்டு பஸ் ஏறி, மூன்று மைல் நடந்து, கோரையேரிக்கே போனாள். அஞ்சலாட்சி வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தாள். "வாத்து பாக்கப் போற மொத மவராசி நீதாண்டி." கரையோரக் கோரையை விலக்கி விலக்கிப் பார்த்தார்கள். அரை மணி நேரத்தில் நான்கு கூடு கிடைத்தது. ஒன்றில் தாய் உட்கார்ந்திருந்தது. இவர்களைக் கண்டதும் தண்ணீரில் இறங்கி, சிறகு ஒடிந்தது போல நடித்துக்கொண்டு போயிற்று. மற்ற மூன்றிலும் தாய் இல்லை. பழுப்பு வெள்ளையாய்ப் பஞ்சு மயிர் பரப்பி, அதற்கு நடுவில் முட்டைகள். தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. அந்த மயிரை விரலில் எடுத்து உருட்டினாள். அவளுக்கு மற்ற எதுவும் தெரியாமல் இருக்கலாம், எந்த வாத்தின் எந்த இடத்து மயிர் என்று தெரியும்.

"நாம பிடுங்கினதுங்களோட கூடுடி இது" என்றாள். அஞ்சலாட்சி விலக்கிய கோரையைக் கூட்டின் மேல் மெல்லச் சாய்த்து மூடிவிட்டு நடந்தாள்.

சித்திரையில் மறுபடியும் போனாள், இந்தத் தடவை தனியாக. சங்கத்துச் சட்டப்படி அதுதான் குஞ்சு பொரிக்கும் காலம். ஏரி வெடித்துக் கிடந்தது. ஆடு மேய்ந்தது. நட்டநடுவில் குட்டை போலக் கொஞ்சம் தண்ணீர், அதில் இரண்டு கொக்கு. வேலமரத்தடியில் காக்கி உடுப்போடு காவல்காரன் கன்னியப்பன் உட்கார்ந்திருந்தான்.

"இன்னாய்யா காக்கற?" என்று கேட்டாள்.

"வாத்து முட்டைய."

"எங்க வாத்து?"

"அது ஆத்துப் பக்கம் போயிருக்கும். மழை வந்தாத்தான் இங்க வரும்."

"மழை வந்தா?"

"மழை வந்தா நம்ம வேல முடிஞ்சுடும். அவுங்க சுட ஆரம்பிச்சுடுவாங்க" என்றான் கன்னியப்பன். சொன்ன பிறகுதான் அவனுக்கே அது உறைத்தது போல ஒரு மாதிரியாகப் பார்த்தான். பன்னிரண்டு வருஷமாகக் காவல் காத்தவன் அவன். ஆடுகளை விரட்டியதைத் தவிர வேறு ஒன்றும் செய்ததில்லை.

அப்படியே நேராகச் சங்கத்து அறைக்குப் போனாள். செருப்பில்லாத காலும் புழுதியும் அந்த வழவழத்த தரைக்குப் பொருந்தவில்லை. தணிகாசலம் நல்ல முறையில்தான் கேட்டார், என்ன வேணும் என்று. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முட்டை, வழுக்கை வயிறு, நான்கு கூடு, வெடித்த ஏரி. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சுவரில் இருந்த கண்ணாடிச் சட்டத்தைக் காட்டினார்.

"இது பிரான்சுல பெரிய பெரிய படிச்சவங்க ஆராய்ச்சி பண்ணி எழுதினது. நாப்பது வருஷமா இங்க தொங்குது. நான் ஒரு தடவ மீறினதில்ல."

"முசியே, பிரான்சுல மழை எப்பப் பெய்யும்?"

"அது எதுக்கு உனக்கு?"

"அந்த ஊரு வாத்து அந்த ஊரு பருவத்துக்கு முட்டை வுடும். நம்ம வாத்து நம்ம ஐப்பசி மழைக்கு வுடுது. அங்க தச்ச சட்டைய இங்க மாட்டினா?"

"வாத்து எப்ப முட்டை போடும்னு நீ எனக்குச் சொல்லித் தரியா? போ தையலு, போய் எறகு பிடுங்கு" என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை.

அதுதான் அவளை அதிகம் எரித்தது. திருடனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பாள். இவர் நேர்மையானவர். மார்ச் மாதத்தில் வீட்டு வாசலில் வாத்து வந்து நின்றாலும் சுடமாட்டார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று கைநாட்டுக்காரிக்குத் தெரிகிறது, மூன்று பாஷை படித்தவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லையா, தெரிந்துகொள்ள மனசில்லையா? கார்த்திகையில் சுடக் கூடாது என்றால் ருசியான வாத்து போய்விடுமே. எழுதியவன் தப்பாக எழுதியிருக்கிறான் என்பது எவ்வளவு வசதி!

அடுத்த ஐந்து வருஷம் அவள் ஞாயிறுதோறும் பிடுங்கினாள், வாத்துகளை எண்ணினாள், கத்தினாள். மார்க்கெட்டில் அவளை 'வாத்துக்காரி' என்று கேலி செய்தார்கள். முன்பெல்லாம் ஒரு ஞாயிறுக்கு அறுபது ஆத்து வாத்து வரும். எழுபத்து ஏழில் அது முப்பது. எழுபத்து ஒன்பதில் இருபதைத் தாண்டவில்லை. வருகிறதில் பாதிக்கு மேல் வழுக்கை வயிறு. வாத்து குறைந்துபோய்விட்டது, ஆற்றில் மணல் அள்ளுகிறார்கள், அதனால்தான் என்று சங்கத்து ஆட்கள் பேசிக்கொண்டார்கள். தம் கையில் இருக்கும் துப்பாக்கியைத் தவிர மற்ற எல்லாக் காரணமும் அவர்களுக்குத் தோன்றியது.

எண்பதாம் வருஷம் ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. கார்த்திகை முதல் ஞாயிறு, கூடைகள் வருவதற்கு முன்பே தையல்நாயகி மற்ற ஆறு பேரையும் கூட்டி வைத்துச் சொன்னாள்.

"வரத்து வாத்து எத்தினி வந்தாலும் பிடுங்குவோம். ஆத்து வாத்து ஒண்ண கூடத் தொடக் கூடாது. மாசி வரைக்கும்."

"நம்ம வயித்துல நாமளே மண்ணப் போட்டுக்கணுமா? வாத்துக்காகவா?" என்றாள் அஞ்சலாட்சி.

"கூடு பாத்தவதான நீ? முட்டையத் தொட்டுப் பாத்தியா இல்லியா?"

அஞ்சலாட்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு அவள்தான் முதல் ஆத்து வாத்தை எடுத்து, இறகு கலையாமல், ஓரமாக வைத்தாள். மற்றவர்களும் வைத்தார்கள்.

பிறகு நடந்த கூத்தை மார்க்கெட் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தது. ஒரு வக்கீல் வாத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்க் கொதிக்கிற தண்ணீரில் முக்கி, வீடே நாறி, அவர் சம்சாரம் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். குத்தகைக்காரர் சவரக்கத்தியால் சிரைத்துப் பார்த்தார். இன்னொருவர் இறகைத் தோலோடு சேர்த்து உரித்துவிட்டு வறுத்தார், கறி சக்கையாகிவிட்டது. கருவடிக்குப்பத்திலிருந்து வேறு பெண்களைக் கூட்டிவரப் பார்த்தார்கள். அவர்களும் இவர்களுக்கு உறவுக்காரிகள்தான். கேட்டதும் கையை விரித்துவிட்டார்கள். மூன்று ஞாயிறு இப்படிப் போயிற்று. நான்காவது ஞாயிறு கூடைகளில் ஓர் ஆத்து வாத்துகூட இல்லை. பிடுங்க ஆள் இல்லாத வாத்துக்குத் தோட்டாவை வீணாக்குவானேன் என்று அவர்களே விட்டுவிட்டார்கள். எந்தக் காகிதமும் இல்லாமல், எந்தக் கையெழுத்தும் இல்லாமல், ஏழு பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததில் ஏரி மூடிவிட்டது.

அதோடு விட்டிருக்க வேண்டும். தையல்நாயகி ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்தது இதைத்தான்.

அந்த வாரக் கடைசியில் தணிகாசலம் அவளைத் தேடி நெல்லித்தோப்புக்கே வந்தார். வாசலில் நாற்காலி இல்லை, நின்றுகொண்டே பேசினார். நொவேலுக்கு, கிறிஸ்துமஸ் அன்றைக்கு, சங்கத்தில் விருந்து, பிரான்சிலிருந்து நாலு பேர் வருகிறார்கள், ஆத்து வாத்து வறுவல் இல்லாமல் அந்த விருந்து நடந்ததே இல்லை என்றார். அவள் உள்ளே போய், முதல் ஞாயிறு ஓரமாக வைத்ததில் யாரும் எடுத்துப் போகாமல் விட்ட ஒரு வழுக்கை வயிற்று வாத்தின் தோலை, உப்புப் போட்டு வைத்திருந்ததை, எடுத்துவந்து அவர் கையில் வைத்தாள்.

"தொட்டுப் பாருங்க. நான் பிடுங்கல, அதுவே பிடுங்கினுது. எதுக்குன்னு உங்க காகிதத்துல எழுதியிருக்கா?"

அவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பிப்ரவரி கடைசியில சங்கத்துக் கூட்டம். விதிய மாத்திடறேன். ஆத்து வாத்த அக்டோபர்லருந்து மார்ச் வரைக்கும் சுடக் கூடாதுன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, அதே சட்டத்துல மாட்டிடறேன். இது என் வாக்கு. அதுவரைக்கும் இந்த ஒரு சீசன் மட்டும் பிடுங்கிக் குடுத்துடு. இப்ப மெம்பருங்கள மொறச்சிக்கினா அங்க ஓட்டு விழாது."

தையல்நாயகி யோசித்தாள். மில் மூடிக் கிடந்தது. அஞ்சலாட்சி வீட்டில் மருமகள் பிள்ளை பெற்றிருந்தாள். ஏழு பேரும் எத்தனை வருஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியும்? காகிதத்தில் ஏறிவிட்டால் நாம் செத்த பிறகும் நிற்கும் என்று நினைத்தாள். சுவரில் தொங்கிய ஒரு காகிதத்தை நம்பியதற்காக அந்த மனுஷரை ஆறு வருஷமாகத் திட்டியவள், இன்னும் எழுதாத ஒரு காகிதத்தை நம்பித் தலையை ஆட்டினாள். பலராமன் மட்டும், வாழ்நாளில் ஒரே தடவையாக, வாயைத் திறந்தான்: "இப்பத்தான் நின்னுச்சி. வுட்டுடாத." அவள் கேட்கவில்லை.

துப்பாக்கிகள் மறுபடி கோரையேரிக்குப் போயின. இரண்டு வாரம் சும்மா இருந்ததில் வாத்துகள் தைரியமாக அடைக்கு உட்கார்ந்திருந்தன. ஆள் கிட்டே வரும்வரை எழும்பவில்லை. நொவேல் விருந்துக்குப் பதினெட்டு வந்தன. பதினைந்துக்கு வழுக்கை வயிறு. தையல்நாயகி பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கினாள். மார்கழிக் கடைசியில் ஒன்பது. பொங்கல் கழித்து நான்கு. தை கடைசி ஞாயிறு ஒன்றே ஒன்று, தணிகாசலம் சுட்டது. அதற்குப் பிறகு வரவில்லை.

தணிகாசலம் வாக்குத் தவறவில்லை. பிப்ரவரி கடைசியில் கூட்டம் போட்டு, கை தூக்க வைத்து, விதியை மாற்றி, தமிழிலும் பிரெஞ்சிலும் அச்சடித்து, அதே கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டினார். 'நமது சங்கத்தின் நீண்ட கால அவதானிப்பின் பயனாக' என்று அது ஆரம்பிக்கும். ஒரு பிரதியை அவளிடமே கொண்டுவந்து கொடுத்தார், நல்ல மனசோடு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அவள் அதில் சாம்பலை மடித்து வைத்தாள்.

அடுத்த கார்த்திகையில் சங்கத்து ஆட்கள் ஆத்து வாத்தைச் சுடவில்லை. விதிக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று பெருமைப்பட்டுக்கொண்டார்கள். அதற்கு அடுத்த கார்த்திகையிலும் சுடவில்லை. தையல்நாயகி ஒவ்வொரு மழைக்கும் கோரையேரிக்குப் போனாள். கோரையை விலக்கி விலக்கிப் பார்த்தாள். கன்னியப்பனைக் கேட்டாள், ஆற்றங்கரையில் மாடு மேய்ப்பவர்களைக் கேட்டாள். திரும்பி வந்து யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். யாராவது 'இன்னா வாத்துக்காரி' என்று வாயைக் கொடுத்தால் அன்றைக்குத் தொலைந்தார்கள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் தை மாதத்தில், பறவைக் கணக்கு எடுக்க அரசாங்கத்திலிருந்து கிருஷ்ணசாமி என்று ஒருவர் வந்தார். சைக்கிளில் சுற்றும் இளைஞர், உண்மையிலேயே பறவை மேல் ஆசை உள்ளவர். சங்கத்துக்குப் போய் அந்தக் காகிதத்தைப் படித்துப் பாராட்டிவிட்டு, மார்க்கெட்டுப் பெண்களுக்குத்தான் விவரம் தெரியும் என்று யாரோ சொல்லக் கேட்டுப் பின்வாசலுக்கு வந்திருந்தார்.

"சங்கத்துல சொன்னாங்கம்மா, ரெண்டு வருஷமா ஆத்து வாத்த யாரும் சுடறதே இல்லையாமே?"

"சுட இருந்தாத்தான சுடுவாங்க?" என்றாள் தையல்நாயகி, கையில் இருந்த கோழியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் நோட்டைத் திறந்து, கட்டம் போட்ட தாளில் பேனாவை வைத்தார். "நீங்க கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"எம்பத்தொண்ணு. தை கடைசி ஞாயித்துக்கெழம."

"எந்த எடத்துல? ஏரியிலயா, ஆத்துலயா?"

"என் மடியில."

பேனா நின்றது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "அம்மா, இந்தக் கட்டத்துல எடம் எழுதணும். ஏரி, ஆறு, வயல்னு ஏதாவது…"

தையல்நாயகி கோழியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். சாம்பல் அப்பிய கையால் அவருடைய சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"மடின்னு எழுது. பொட்ட வாத்து. வயித்துல மயிரு இல்ல. ஏரியில சுட்டது முசியே தணிகாசலம். அதுக்கு மொதல்ல பிடுங்க மாட்டேன்னு சொன்னதும் நான்தான், அப்புறம் காயிதத்துக்கு ஆசப்பட்டு சரின்னு சொன்னதும் நான்தான். பிடுங்கினது தையல்நாயகி, பலராமன் பொஞ்சாதி, நெல்லித்தோப்பு. எல்லாத்தியும் எழுது. அந்தச் சங்கத்துக் காயிதத்துலதான் ஒருத்தர் பேரும் இல்ல."

வரிசையில் மற்றப் பெண்களின் கை ஓய்ந்திருந்தது. கிருஷ்ணசாமி கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்தில் எழுதினார்.

"படிச்சுக் காட்டு" என்றாள்.

அவர் படித்தார். அவள் ஒரு சொல் விடாமல் கேட்டுவிட்டு, கைப்பிடியை விட்டாள்.